எந்த வேலையை முதலில் ஏற்றுவது? பட்டறை வரிசை விதிகள், கணக்கோடு

ஒரு விஎம்சி எந்திரம் (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டுவது). பக்கத்துப் பலகையில் ஆறு ஜாப் கார்டுகள், வேலைக்கு ஒரு கார்டு. ஆறும் வெவ்வேறு பார்ட்டிகளுடையவை, ஆறுக்கும் மெட்டீரியல் வந்துவிட்டது. எதை முதலில் ஏற்றுவது? கோவை கணபதியிலோ, குறிச்சி சிட்கோவிலோ, சென்னை அம்பத்தூரிலோ ஜாப் ஆர்டர் எடுத்து ஓடும் பட்டறைகள் பலவற்றில் இதற்குத் தினமும் பதில் சொல்வது தொலைபேசிதான். கடைசியாக யார் கூப்பிட்டு நெருக்கினாரோ அவருடைய வேலை ஏறுகிறது. மறுநாள் இன்னொருவர் கூப்பிடுகிறார், பாதியில் இருக்கும் வேலை இறங்குகிறது.

இதற்கு மாற்றாகத் தெளிவான விதிகள் 1950களிலிருந்தே இருக்கின்றன. அவற்றில் பல, காகிதமும் பென்சிலும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடக்கூடியவை. ஆனால் "எந்த விதி சிறந்தது?" என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. செட்டிங் நேரம் (அடுத்த வேலைக்கு எந்திரத்தைத் தயார் செய்யும் நேரம்) மாறாதவரை, ஓர் எந்திரத்தில் வரிசையை எப்படி மாற்றினாலும் மொத்த நேரம் அதேதான். வரிசை விதி எந்திரத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரத்தைக்கூடத் தராது. இருக்கும் காத்திருப்பை யார் தலையில் வைப்பது என்பதை மட்டுமே அது முடிவு செய்கிறது. ஆகவே, நம் பட்டறையில் எந்தக் காத்திருப்பு அதிகச் செலவு வைக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். விதியைத் தேர்ந்தெடுப்பது அதற்கு அப்புறம்தான்.

## முதலில் நான்கு அளவுகள்

1. வேலை நேரம்: ஒரு லாட் (ஒன்றாக ஓட்டும் பீஸ்களின் தொகுதி) எந்திரத்தில் செலவிடும் மணிகள். செட்டிங், முதல் பீஸ் சோதனை, ஓட்டம் மூன்றும் சேர்ந்தது.
2. தங்கும் நேரம்: கார்டு பலகைக்கு வந்ததிலிருந்து வேலை முடியும் வரை ஆகும் நேரம். காத்திருப்பும் இதில் அடங்கும்.
3. தாமதம்: டெலிவரி நேரத்தைத் தாண்டிய மணிகள். முன்கூட்டியே முடிந்தால் பூஜ்யம்.
4. மிகப் பெரிய தாமதம்: எல்லா வேலைகளிலும் மோசமாகப் பிந்தியது எவ்வளவு பிந்தியது என்பது.

தாமதத்தையே மூன்று விதமாக அளக்கலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். எத்தனை வேலைகள் பிந்தின, எல்லாம் சேர்த்து எத்தனை மணி பிந்தின, மிக மோசமானது எவ்வளவு பிந்தியது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று முரண்படும். கீழே உள்ள கணக்கில் அது தெரியும்.

## ஆறு வேலைகள், ஓர் எந்திரம்

கார்டுகள் வந்த வரிசையிலேயே கொடுத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு 8 மணி நேர ஷிப்ட் ஒன்று. டெலிவரி நேரம் இந்தக் கணத்திலிருந்து எண்ணிய வேலை மணிகளில் உள்ளது; 16 என்றால் இரண்டாம் நாள் ஷிப்ட் முடிவு.

| வேலை | வேலை நேரம் (மணி) | டெலிவரி (மணி) |
|---|---|---|
| மோட்டார் எண்ட் கவர் | 6 | 18 |
| ஃபிளாஞ்ச் | 2 | 6 |
| பம்ப் கேசிங் | 8 | 16 |
| பேரிங் ஹவுசிங் | 3 | 10 |
| டை பிளேட் | 9 | 30 |
| வால்வ் பாடி | 4 | 9 |

மொத்தம் 32 மணி, அதாவது நான்கு ஷிப்ட். ஆறு வேலைகளை 720 விதமாக வரிசைப்படுத்தலாம். அவற்றில் ஐந்தைப் பார்ப்போம்.

வந்தது முதலில். கார்டு வந்த வரிசையே வேலை வரிசை. முடியும் நேரங்கள் 6, 8, 16, 19, 28, 32. ஃபிளாஞ்ச் 2 மணியும் பேரிங் ஹவுசிங் 9 மணியும் பிந்துகின்றன. 9-ஆம் மணிக்குப் போயிருக்க வேண்டிய வால்வ் பாடி 32-இல் முடிகிறது. அது மட்டும் 23 மணி தாமதம்.

சிறியது முதலில். வேலை நேரம் குறைந்தது முன்னால். ஃபிளாஞ்ச் (2), பேரிங் ஹவுசிங் (5), வால்வ் பாடி (9), எண்ட் கவர் (15), கேசிங் (23), டை பிளேட் (32). அடைப்புக்குள் முடியும் நேரம். கேசிங் 7 மணியும் டை பிளேட் 2 மணியும் பிந்துகின்றன.

நெருங்கிய தேதி முதலில். டெலிவரி நேரம் எது முன்னதோ அது முன்னால். ஃபிளாஞ்ச் (2), வால்வ் பாடி (6), பேரிங் ஹவுசிங் (9), கேசிங் (17), எண்ட் கவர் (23), டை பிளேட் (32). கேசிங் 1, எண்ட் கவர் 5, டை பிளேட் 2 மணி பிந்துகின்றன.

நெருக்கடி விகிதம். டெலிவரிக்கு மீதமிருக்கும் நேரத்தை, மீதமிருக்கும் வேலை நேரத்தால் வகுக்க வேண்டும். விகிதம் குறைந்தது முன்னால். ஒவ்வொரு வேலை முடிந்ததும் மறுபடி கணக்கிட வேண்டும். உற்பத்தித் திட்டமிடல் மென்பொருள்கள் பலவற்றில் இருக்கும் விதி இது. இங்கே வரிசை: கேசிங் (8), ஃபிளாஞ்ச் (10), வால்வ் பாடி (14), பேரிங் ஹவுசிங் (17), எண்ட் கவர் (23), டை பிளேட் (32).

மூர் முறை. 1968-இல் மூர் வெளியிட்டது. பிந்தும் வேலைகளின் எண்ணிக்கையைக் குறைக்க மட்டுமே உருவானது. படிகள் இவை:

1. நெருங்கிய தேதி வரிசையில் அடுக்கி, முடியும் நேரங்களைப் போட்டுக்கொண்டே வரவும்.
2. முதன்முதலாக ஒரு வேலை பிந்தினால் நிற்கவும். அதையும் அதற்கு முன்னால் உள்ளவற்றையும் சேர்த்துப் பார்த்து, அவற்றில் மிக நீண்ட வேலையை வரிசையிலிருந்து எடுத்துத் தனியே வைக்கவும்.
3. மீதியைத் தொடரவும். மறுபடி ஒன்று பிந்தினால் இரண்டாம் படியைத் திரும்பச் செய்யவும்.
4. தனியே வைத்தவற்றைக் கடைசியில் சேர்க்கவும்.

நம் பட்டியலில் கேசிங்தான் முதலில் பிந்துகிறது (17, ஆனால் 16-க்குள் வேண்டும்). அதுவரையான நான்கில் நீண்டதும் அதுவே. அதை எடுத்துவிட்டால் ஃபிளாஞ்ச் (2), வால்வ் பாடி (6), பேரிங் ஹவுசிங் (9), எண்ட் கவர் (15), டை பிளேட் (24) எல்லாம் நேரத்துக்குள் முடிகின்றன. கேசிங் மட்டும் 32-இல் முடிகிறது.

| விதி | சராசரி தங்கும் நேரம் | பிந்திய வேலைகள் | மொத்தத் தாமதம் | மிகப் பெரிய தாமதம் |
|---|---|---|---|---|
| வந்தது முதலில் | 18.2 | 3 | 34 | 23 |
| சிறியது முதலில் | 14.3 | 2 | 9 | 7 |
| நெருங்கிய தேதி | 14.8 | 3 | 8 | 5 |
| நெருக்கடி விகிதம் | 17.3 | 5 | 23 | 7 |
| மூர் முறை | 14.7 | 1 | 16 | 16 |

ஒரே எந்திரம், அதே 32 மணி. பிந்திய வேலைகள் ஒன்றிலிருந்து ஐந்து வரை மாறுகின்றன. மூர் முறை ஒருவரைத் தவிர எல்லாரையும் காப்பாற்றுகிறது. அந்த ஒருவர் இரண்டு முழு நாள் பிந்துகிறார். நெருங்கிய தேதி விதி தாமதத்தை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறது. யாருக்கும் ஐந்து மணிக்கு மேல் போகவில்லை. இவற்றில் எது நல்லது என்று கணக்கு சொல்லாது. கொள்முதல் ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் சொல்லும்.

## அபராத விதியைப் படித்துவிட்டு வரிசை போடுங்கள்

பொதுத்துறை, அரசுத்துறைக் கொள்முதல் ஆணைகளில் தாமதத்துக்கு வாரத்துக்கு 0.5 சதவீதம் பிடித்தம், அதற்கு ஓர் உச்சவரம்பு என்ற வகையிலான நிபந்தனை வழக்கமானது. "ஒரு வாரமோ அதன் பகுதியோ" என்று இருந்தால், ஐந்து மணி நேரம் பிந்தினாலும் ஐந்து நாள் பிந்தினாலும் பிடித்தம் ஒன்றே. அங்கே தாமதத்தைப் பகிர்ந்து கொடுப்பது வீண் நஷ்டம். மூன்று ஆர்டரிலும் பிடித்தம் விழும். மூர் முறைப்படி ஒன்றை மட்டும் பிந்தவிட்டால் ஒரு பிடித்தத்தோடு முடிந்துவிடும்.

வாகன உதிரிபாகம் தரும் பட்டறைக்கு நிலைமை நேர் எதிர். அசெம்பிளி லைன் ஒரு பொருளுக்காகக் காத்து நின்றால் ஒவ்வொரு மணிக்கும் செலவு ஏறும். இரண்டு நாள் பிந்திய ஒரே ஆர்டர் அந்த வாடிக்கையையே பறித்துவிடக்கூடும். அங்கே பார்க்க வேண்டியது மிகப் பெரிய தாமதம். ஓர் எந்திரத்தில், எல்லா வேலையும் கைவசம் இருக்கும்போது, அதை மிகக் குறைவாக வைத்திருப்பது நெருங்கிய தேதி விதிதான். 1955-இல் ஜாக்சன் நிரூபித்த முடிவு இது.

மூர் முறையை நான் வரிசை போடும் விதியாகப் பார்ப்பதைவிட, முன்னெச்சரிக்கைக் கருவியாகவே அதிகம் மதிக்கிறேன். நான்காம் நாள் மாலை வரை காத்திருந்து "கேசிங் ஆகலைங்க" என்று சொல்வதற்குப் பதிலாக, முதல் நாள் காலையிலேயே அந்தப் பார்ட்டியைக் கூப்பிட்டுப் பேச முடியும். பாதி எண்ணிக்கையை முதலில் அனுப்பலாமா, தேதி தள்ளுமா, வெளியே கொடுத்து ஓட்டலாமா என்று கேட்க அப்போதுதான் நேரம் இருக்கும்.

## சிறியது முதலில்: ஏன் வேலை செய்கிறது, எங்கே உடைகிறது

அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்: ஒன்று 2 மணி, இன்னொன்று 8 மணி. சிறியது முன்னால் போனால் 2-இலும் 10-இலும் முடிகின்றன, கூட்டுத்தொகை 12. பெரியது முன்னால் போனால் 8-இலும் 10-இலும், கூட்டுத்தொகை 18. ஜோடி எதுவானாலும் இதே கதைதான். எந்த வரிசையிலும் நீண்டது முன்னாலும் சிறியது பின்னாலும் அடுத்தடுத்து இருந்தால், இடம் மாற்றினால் சராசரி குறையும். மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது சிறியதிலிருந்து பெரியது வரையான வரிசை. ஆகவே ஓர் எந்திரத்தில் சராசரி தங்கும் நேரத்தை இதைவிடக் குறைக்கும் விதி இல்லை.

இந்த விதி டெலிவரி தேதியைப் பார்ப்பதே இல்லை. இருந்தும் தாமதக் கணக்கில் நன்றாகத் தேறுகிறது, ஏனென்றால் பெரும்பாலான வேலைகள் சீக்கிரம் வெளியேறிவிடுகின்றன. தளத்தில் கிடக்கும் லாட்டுகள் குறையும், பில் சீக்கிரம் போகும். நேர மதிப்பீடு துல்லியமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2 மணி வேலைக்கு இரண்டே முக்கால் ஆனாலும் அது 8 மணி வேலைக்கு முன்னால்தான் நிற்கும். பட்டறைக் கணிப்புகள் தவறும் அளவைப் பார்க்கும்போது இது பெரிய பலம்.

உடையும் இடம் பெரிய வேலை. நம் பட்டியல் அப்படியே நின்றால் டை பிளேட் நான்காம் நாள் முடியும். ஆனால் பட்டறைக்குத் தினமும் புதுக் கார்டு வரும். 2 மணி, 3 மணி வேலைகள் வந்துகொண்டே இருந்தால் 9 மணி வேலைக்கு முறை வரவே வராது. எந்திரம் நிறைய லோடோடு ஓடும் மாதங்களில் இது நிச்சயம் நடக்கும். பெரிய வேலை பெரும்பாலும் பெரிய பில் என்பதால் வலியும் அதிகம். இதற்கு இரண்டு திருத்தங்கள் உண்டு.

முதலாவது, காத்திருப்புக்கு வரம்பு. ஒரு கார்டு பலகையில் ஐந்து வேலைநாள் இருந்துவிட்டால் விதி எதுவானாலும் அடுத்து அதுதான் ஏறும் என்று வைத்துக்கொள்வது. ஐந்தா, எட்டா என்பது பட்டறையின் வழக்கமான டெலிவரி காலத்தைப் பொறுத்தது.

இரண்டாவது, எடை சேர்ப்பது. 1956-இல் ஸ்மித் காட்டிய விதி: வேலை நேரத்தை அதன் எடையால் வகுத்து, குறைந்ததை முன்னால் வைக்க வேண்டும். எடையாகப் பில் தொகையை எடுத்துக்கொண்டால் இது "ஒரு எந்திர மணிக்கு எவ்வளவு பில்" என்ற கேள்வியாகிவிடும். 8 மணியில் ரூ.40,000 பில் ஆகும் வேலை மணிக்கு ரூ.5,000, 3 மணியில் ரூ.9,000 ஆகும் வேலை மணிக்கு ரூ.3,000. நீண்ட வேலை முன்னால் போகும். பணம் தளத்தில் முடங்கிக் கிடப்பதைக் குறைக்க வேண்டும் என்றால் வெறும் நேரத்தைவிட இது பொருத்தம்.

## நெருக்கடி விகிதம் ஏன் ஏமாற்றியது

ஐந்தில் மிக நவீனமாகத் தெரிவது இதுதான். ஒன்றுக்கு மேல் இருந்தால் நேரம் இருக்கிறது, ஒன்றுக்குக் கீழே போனால் பிந்திவிடும், படிக்க எளிது. அப்படியும் நம் ஆறு வேலைகளில் ஐந்தைப் பிந்தவைத்தது.

காரணம் வகுத்தலில் இருக்கிறது. தொடக்கத்தில் கேசிங்கின் விகிதம் 16 ÷ 8 = 2. ஃபிளாஞ்சின் விகிதம் 6 ÷ 2 = 3. விகிதப்படி கேசிங்கே அவசரம். ஆனால் வகுக்காமல், டெலிவரி நேரத்திலிருந்து வேலை நேரத்தைக் கழித்து வரும் மீதி நேரத்தைப் பாருங்கள்: கேசிங் இன்னும் 8 மணி காத்திருக்க முடியும், ஃபிளாஞ்ச் 4 மணிதான். விகிதம் நீண்ட வேலைகளின் பக்கம் சாய்கிறது. 8 மணி வேலை ஒன்று முன்னால் ஏறிவிட்டால் பின்னால் நிற்கும் எல்லாருக்கும் 8 மணி போய்விடுகிறது.

தேதி தாண்டிய பிறகு குழப்பம் இன்னும் கூடும். இரண்டு வேலைகள் தலா 4 மணி பிந்திவிட்டன. ஒன்றுக்கு 2 மணி வேலை மீதம், இன்னொன்றுக்கு 8 மணி. விகிதம் முறையே −2, −0.5. அதுவரை நீண்டதை முன்னால் தள்ளிய விதி, கோட்டைத் தாண்டியதும் சிறியதை முன்னால் தள்ளுகிறது. காரணம் தெரியாத சூப்பர்வைசர் கணினித் திரையை நம்பாமல் போவதில் வியப்பில்லை.

பல எந்திரங்களைக் கடக்க வேண்டிய வேலைகளில் எது பின்தங்குகிறது என்று கண்டுபிடிக்கும் வாராந்தர அறிக்கைக்கு நெருக்கடி விகிதம் பயன்படும். ஓர் எந்திரத்தின் முன்னால் நிற்கும் வரிசையை அதைக்கொண்டு அடுக்க வேண்டாம். அங்கே தேதியோ, மீதி நேரமோ போதும். நம் பட்டியலில் மீதி நேரப்படி அடுக்கினாலும் நெருங்கிய தேதி வரிசையேதான் வருகிறது.

## செட்டிங்: மொத்த நேரம் உண்மையிலேயே மாறும் இடம்

இதுவரை ஒவ்வொரு வேலையின் நேரத்திலும் 1 மணி செட்டிங் அடங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஃபிளாஞ்ச், வால்வ் பாடி, டை பிளேட் மூன்றும் எஃகு. பேரிங் ஹவுசிங், கேசிங், எண்ட் கவர் மூன்றும் வார்ப்பிரும்பு. எஃகிலிருந்து வார்ப்பிரும்புக்கு மாறினால் இன்சர்ட் (வெட்டும் முனை) கிரேடு மாறும், கட்டிங் வேகம் மாறும். வார்ப்பிரும்பைப் பெரும்பாலும் உலர்வாகவே ஓட்டுவார்கள். அதன் தூள் கூலண்ட் டேங்குக்குள் போனால் சேறாகி பம்ப்பை அடைக்கும். எனவே நடுவில் டேபிளைத் துடைத்தெடுக்கும் வேலையும் உண்டு. ஒரே ரகத்துக்குள் அடுத்த வேலைக்கு மாறினால் 15 நிமிடம் போதும் என்று கொள்வோம்; முக்கால் மணி மிச்சம்.

நெருங்கிய தேதி வரிசையை மறுபடி பார்த்தால் அது ஏற்கெனவே எஃகு, எஃகு, வார்ப்பு, வார்ப்பு, வார்ப்பு, எஃகு என்று இருக்கிறது. புதுக் கணக்கில் முடியும் நேரங்கள் 2, 5.25, 8.25, 15.5, 20.75, 29.75. கேசிங் தப்பிவிட்டது, டை பிளேட்டும் தப்பிவிட்டது. எண்ட் கவர் மட்டும் 2.75 மணி பிந்துகிறது. மொத்தம் 32 மணி 29.75 ஆனது. எந்த விதியும் தராத நேரம் இது.

இங்கேதான் பேராசை வரும். டை பிளேட்டையும் எஃகுக் கூட்டத்தோடு மூன்றாவதாக ஏற்றினால் இன்னொரு முக்கால் மணி மிச்சமாகி, மொத்தம் 29 மணியில் முடியும். ஆனால் பேரிங் ஹவுசிங் 16.5-இல் முடிந்து 6.5 மணியும், கேசிங் 7.75 மணியும், எண்ட் கவர் 11 மணியும் பிந்தும். 45 நிமிட மிச்சத்துக்கு 22.5 மணி கூடுதல் தாமதம். செட்டிங் எண்ணிக்கையை மட்டும் பார்த்து செட்டரைப் பாராட்டும் பட்டறைகளில் இது அடிக்கடி நடக்கிறது. நடைமுறையில் நன்றாக ஓடும் வழி: அடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் டெலிவரி உள்ள கார்டுகளை மட்டும் ஒரு சாளரமாக எடுத்து, அதற்குள் ரகம் சேர்ப்பது. சாளரத்துக்கு வெளியே உள்ள வேலையை ரகத்துக்காக முன்னால் இழுக்கக் கூடாது.

## இரண்டு எந்திரங்கள்: ஜான்சன் விதி

மோட்டார் ஷாஃப்ட் லாட்டுகள் முதலில் சிஎன்சி லேத்தில் டர்னிங், பிறகு சிலிண்ட்ரிகல் கிரைண்டிங். எல்லா லாட்டுக்கும் இதே பாதை. இங்கே வரிசை மாறினால் மொத்த நேரமும் மாறும், ஏனென்றால் கிரைண்டர் சும்மா நிற்கும் நேரம் வரிசையைப் பொறுத்தது. 1954-இல் எஸ். எம். ஜான்சன் வெளியிட்ட விதி இதற்கு மிகக் குறைந்த மொத்த நேரத்தை உறுதியாகத் தருகிறது.

| லாட் | லேத் (மணி) | கிரைண்டர் (மணி) |
|---|---|---|
| 1 | 7 | 2 |
| 2 | 4 | 5 |
| 3 | 6 | 4 |
| 4 | 2 | 6 |
| 5 | 5 | 3 |

1. அட்டவணை முழுவதிலும் மிகச் சிறிய எண்ணைத் தேடவும்.
2. அது லேத் பக்கம் இருந்தால் அந்த லாட்டை வரிசையின் முன்பக்கக் காலியிடத்தில் வைக்கவும். கிரைண்டர் பக்கம் இருந்தால் பின்பக்கக் காலியிடத்தில் வைக்கவும்.
3. அந்த லாட்டை அடித்துவிட்டு, மீதியில் திரும்பச் செய்யவும்.

சிறிய எண் 2, இரண்டு இடத்தில் உள்ளது. லாட் 4-க்கு லேத் பக்கம், எனவே முதலிடம். லாட் 1-க்கு கிரைண்டர் பக்கம், எனவே கடைசி. அடுத்தது 3: லாட் 5 கடைசிக்கு முந்தையது. லாட் 2 இரண்டாவது, லாட் 3 நடுவில். வரிசை 4, 2, 3, 5, 1.

1, 2, 3, 4, 5 என்று ஓட்டினால் கிரைண்டர் முதல் 7 மணி நேரம் சும்மா நின்று, கடைசி லாட் 30-ஆவது மணியில் முடியும். ஜான்சன் வரிசையில் கிரைண்டர் 2-ஆம் மணியிலேயே தொடங்குகிறது, கடைசி லாட் 26-இல் முடிகிறது. அரை ஷிப்ட் மிச்சம். லேத்துக்கு மட்டுமே 24 மணி வேண்டும், கடைசி லாட்டின் கிரைண்டிங் 2 மணிக்குக் குறையாது. ஆகவே முழு லாட்டாக நகர்த்தும்வரை 26-ஐவிடக் குறைக்க வழியே இல்லை.

ஜான்சன் விதி டெலிவரி தேதியைப் பார்ப்பதில்லை. ஒரு முழு லாட் லேத்தில் முடிந்த பிறகே கிரைண்டருக்குப் போகும் என்றும் அது எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் பாதி லாட் முடிந்ததும் டிரேயை நகர்த்தலாம். கடைசியில் நிற்கும் லாட் 1-இன் பாதியை 20.5-ஆம் மணியில் கிரைண்டருக்கு அனுப்பினால் மொத்தம் 25-இல் முடிந்துவிடும்.

மூன்று எந்திரங்களுக்கு இந்த விதியை நீட்ட ஒரு சிறப்பு நிபந்தனை வேண்டும்: நடு எந்திரத்தின் மிக நீண்ட வேலைகூட, முதல் எந்திரத்தின் (அல்லது மூன்றாவதின்) மிகச் சிறிய வேலையைத் தாண்டக் கூடாது. கீவே மில்லிங் (ஷாஃப்டில் சாவிப் பள்ளம் வெட்டுவது) போலச் சட்டென்று முடியும் நடு வேலைக்கு இது பொருந்தும். அப்போது முதல் இரண்டையும் கூட்டி ஓர் எந்திரமாகவும், கடைசி இரண்டையும் கூட்டி இன்னொன்றாகவும் கொண்டு அதே படிகளைச் செய்யலாம். நிபந்தனை பொருந்தாவிட்டால் சுலப வழி கிடையாது.

## முழுப் பட்டறை என்று வந்தால்

ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பாதை இருக்கும் பட்டறையில் கணக்கு பூதாகாரமாகிவிடும். பத்து வேலை, பத்து எந்திரம் கொண்ட ஒரு மாதிரிக் கணக்கு 1963-இல் வெளியானது. அதன் மிகக் குறைந்த மொத்த நேரம் 930 அலகு என்று உறுதியாக நிரூபிக்க 1989 வரை ஆனது. ஆகவே எல்லா எந்திரத்துக்கும் சேர்த்து உகந்த வரிசை தேடுவதில் சிறு பட்டறை நேரம் செலவிட வேண்டியதில்லை. வரிசை நீளும் இடம் எது என்று பார்ப்பது அதைவிடப் பலன் தரும்.

வேலை வருவதும் ஓடுவதும் ஒழுங்கற்று இருக்கும் எளிய மாதிரிக் கணக்கில், 50 சதவீத லோடில் ஓடும் எந்திரத்தில் சராசரியாக இருப்பது ஒரு வேலை, ஓடிக்கொண்டிருப்பதையும் சேர்த்து. 80 சதவீதத்தில் 4, 90 சதவீதத்தில் 9, 95 சதவீதத்தில் 19. வரிசை இல்லாத இடத்தில் விதிக்கு வேலையே இல்லை. பட்டறையில் பெரும்பாலும் ஒன்றிரண்டு எந்திரங்களின் முன்னால்தான் டிரேக்கள் குவியும்; அவைதான் நெருக்கடி எந்திரங்கள். அங்கே மட்டும் கவனமாக விதி போட்டு, மற்ற எந்திரங்களில் வந்தது முதலில் என்று விட்டுவிடலாம். நெருக்கடி எந்திரத்துக்கு முன்னால் நின்று அதற்கு மெட்டீரியல் தரும் எந்திரத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு: நெருக்கடி எந்திரம் பட்டினி கிடக்கும் நிலை வந்தால் அதற்குப் போகும் லாட்டே முன்னால் ஏற வேண்டும்.

தளத்துக்குள் எத்தனை கார்டு விடுகிறோம் என்பதும் விதிக்கு இணையாக முக்கியம். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த தொடர்பு எளிமையானது: உள்ளே இருக்கும் வேலைகளை, ஒரு நாளைக்கு முடியும் வேலைகளால் வகுத்தால் சராசரி தங்கும் நேரம். 40 கார்டு உள்ளே, தினம் 8 முடிகிறது என்றால் 5 நாள். ஆர்டர் குவிகிறதே என்று 60 கார்டை உள்ளே விட்டால் முடிவது அதே 8 தான். தங்கும் நேரம் ஏழரை நாளாகும். டிரேக்கள் நடைபாதையை அடைக்கும், லாட்டுகள் கலக்கும், ரீவொர்க் எங்கே கிடக்கிறது என்று தேட வேண்டிவரும்.

தேதியும் நம்பும்படி இருக்க வேண்டும். எல்லா கார்டிலும் "சனிக்கிழமை" என்று எழுதினால் நெருங்கிய தேதி விதி செயலற்றுப்போகும். ஒரே தேதியில் பல கார்டுகள் இருந்தால் அவற்றுக்குள் சிறியதை முன்னால் வைப்பது சரியான முடிச்சு அவிழ்ப்பு.

## அர்ஜெண்ட் வேலையின் உண்மை விலை

கடைசியாக, தொலைபேசி விதிக்கே வருவோம். பழைய அட்டவணையில் நெருங்கிய தேதி வரிசைப்படி ஓடிக்கொண்டிருக்கிறது. பேரிங் ஹவுசிங் 6-ஆம் மணியில் ஏறி, செட்டிங் முடிந்து, 7.5-ஆம் மணியில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் அர்ஜெண்ட் வேலை வருகிறது: 1 மணி செட்டிங், 1 மணி ஓட்டம்.

பாதியில் இறக்கினால்: அர்ஜெண்ட் 9.5-இல் முடியும். பிறகு பேரிங் ஹவுசிங்குக்கு மறுபடி 1 மணி செட்டிங். ஃபிக்ஸ்சரை (பீஸைப் பிடிக்கும் அமைப்பை) மறுபடி டயல் பார்க்க வேண்டும், ஒர்க் ஆஃப்செட்டை (பீஸ் எங்கே இருக்கிறது என்ற அளவை) மறுபடி எடுக்க வேண்டும், முதல் பீஸை மறுபடி சோதிக்க வேண்டும். ஆஃப்செட்டில் சிறு பிசகு வந்தாலும் ஏற்கெனவே பாதி ஓட்டிய பீஸ்களில் துளைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் ரிஜெக்‌ஷன் ஆகும். பேரிங் ஹவுசிங் 12, கேசிங் 20, எண்ட் கவர் 26, டை பிளேட் 35 என்று முடிகின்றன. மற்றவர்களின் மொத்தத் தாமதம் 8 மணியிலிருந்து 19 ஆகிறது, பேரிங் ஹவுசிங்கும் பிந்திவிடுகிறது.

நடக்கும் வேலை முடிந்ததும் ஏற்றினால்: அர்ஜெண்ட் 11-இல் முடியும். பேரிங் ஹவுசிங் நேரத்துக்குள் போய்விட்டது. மற்றவர்களின் மொத்தத் தாமதம் 14.

கூப்பிட்டவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம். "இப்ப ஓடுறது முடிஞ்சதும் உங்களுதுதாங்க, பதினோராவது மணிக்கு ரெடி" என்று திட்டவட்டமாக நேரம் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பாதியில் இறக்கியே ஆக வேண்டும் என்றால், எந்திரம் அவருக்காக இழப்பது 3 மணி: அவருடைய செட்டிங், அவருடைய ஓட்டம், பழைய வேலையின் மறு செட்டிங். அர்ஜெண்ட் கட்டணத்தை அந்த 3 மணிக்கும் போட வேண்டும், ஓடிய ஒரு மணிக்கு மட்டும் அல்ல.